வால் வெட்டப்பட்ட செய்தி

என் பைக்கில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு இடத்தில் ‘பிரஸ்’ என்று ஒட்டியிருக்கிறேன். ஹெல்மெட்டிலும் ஒட்டினேன். “நீங்க அதப் போடறதே இல்ல, அதுக்கு எதுக்கு ஸ்டிக்கரு?” என்று கேட்டாள் மனைவி. இருபத்திரண்டு வருஷமாக விருத்தாசலத்தில் ஒரு தினசரிக்குப் பகுதி நேர நிருபர் நான். மீதி நேரத்துக்குக் கோர்ட்டுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. இந்த இருபத்திரண்டு வருஷத்தில் நான் எழுதி ஒரு ஆட்சி கவிழவில்லை, ஒரு தாசில்தார் மாற்றலாகவில்லை. ஒரு தடவை பாலக்கரைப் பக்கம் ரோட்டுக் குழியை மூடினார்கள். அதுவும் நான் எழுதிய குழி இல்லை, அதற்குப் பக்கத்துக் குழி.

நான் எழுதி நிஜமாகவே ஏதாவது நடந்தது என்றால் அது ஒரே ஒரு தடவைதான். அதையும் விளையாட்டாகத்தான் எழுதினேன்.

எங்கள் வேலை எப்படி நடக்கும் என்று சொன்னால்தான் மற்றது விளங்கும். சுற்றுவட்டார நிருபர்கள் எல்லோரும் ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கிறோம். எங்களுக்குள் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற பழக்கம் கிடையாது, ஊர்தான். “வேப்பூரு, சாப்ட்டியா?” “பெண்ணாடம் எங்கய்யா காணோம்?” நான் விருத்தாசலம். ஒரு ஊரில் விபத்து, திருட்டு, தேர் எது நடந்தாலும் அந்த ஊர் ஆள் எழுதி குரூப்பில் போடுவான். மற்றவர்கள் அப்படியே எடுத்து அவரவர் பத்திரிகைக்கு அனுப்பிவிடுவார்கள். யாரும் படிப்பதில்லை. படித்தால் நேரமாகும். அனுப்பாமல் விட்டால் மறுநாள் காலையில் ஆபீசிலிருந்து போன் வரும்: “எல்லாப் பேப்பர்லயும் வந்திருக்குது, நம்ம பேப்பர்ல மட்டும் ஏன் சார் வரல?” இந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் எங்கள் பிழைப்பே ஓடுகிறது. ஒருமுறை நான் ‘மாடு முட்டி முதியவர் பலி’ என்பதை ‘முதியவர் முட்டி மாடு பலி’ என்று எழுதிவிட்டேன். நாலு பத்திரிகையில் அப்படியே மாடுதான் செத்தது.

அந்தப் பக்கம் ஆபீசில் செய்தியைத் திருத்திப் பக்கம் போடுகிற டெஸ்க்கில் இருப்பவர்களுக்கு வேறு பழக்கம். இடம் பற்றாவிட்டால் செய்தியைக் கீழேயிருந்து வெட்டுவார்கள். மேலே இருப்பதுதான் முக்கியம், கீழே இருப்பது கொசுறு என்பது கணக்கு. இதுவும் எனக்கு நன்றாகத் தெரியும்.

பர்மாக்காரர் என்று நாங்கள் சொல்கிற ஒருவர் இந்த ஊருக்கு வந்து அப்போது ஆறு மாதம் ஆகியிருந்தது. செராமிக் தொழிற்பேட்டையில் பொம்மை யூனிட் நடத்துகிற, எனக்கும் பலநாள் சோறு போட்ட அக்கா ஒருவர் அவரை வேலைக்கு வைத்திருந்தார். பர்மாக்காரரின் தாத்தா பெண்ணாடம் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போனவராம், அக்காவின் மாமனார் வழியில் ஏதோ உறவாம். களிமண் கரைசலை அச்சில் ஊற்றி, இறுகியதும் எடுத்து, பிசிறு சீவி, சூளைக்கு அனுப்பும் வேலை. நாற்பத்தைந்து வயது ஆள். வேட்டி கட்டமாட்டார், லுங்கிதான். தமிழ் பேசினால் கோயிலில் அர்ச்சனைச் சீட்டு கொடுப்பவர் மாதிரி அவ்வளவு மரியாதையாக இருக்கும்.

அவர் பர்மாவில் பத்திரிகைக்காரர். இதை என் கடைக்கு டீ குடிக்க வந்த நாலாம் தடவைதான் சொன்னார். ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் முதலில் பத்திரிகை ஆபீசுக்குப் பூட்டு. பிறகு ஆசிரியரைப் பிடித்தார்கள். பிறகு இவர். பதினான்கு மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்து, மறுபடி தேடுகிறார்கள் என்று தெரிந்ததும் மலை ஏறி ஆறு தாண்டி இந்தியாவுக்குள் வந்துவிட்டார். பாஸ்போர்ட், விசா கிடையாது. பத்திரிகை அடையாள அட்டையையும் ஆற்றில் போட்டுவிட்டாராம்.

“ஏன் போட்டீங்க?”

“வழியில ராணுவம் நிக்குது ஐயா. பத்திரிகைக்காரன்னு தெரிஞ்சா அங்கயே முடிஞ்சுது.” பிறகு என் பைக்கை ஒரு பார்வை பார்த்தார். “உங்க ஊர்ல அத ஒட்டிக்கிட்டே போகலாம் போல.”

“டிராபிக்ல நிறுத்தமாட்டான்.”

“உங்கள எழுதக்கூடாதுன்னு யாராச்சும் தடுக்கறாங்களா?”

“சேச்சே. ஒருத்தரும் இல்ல.”

“அப்ப என்ன எழுதியிருக்கீங்க?”

நான் ஜெராக்ஸ் மெஷினைத் திறந்து மூடினேன். பேப்பர் ஏதும் சிக்கியிருக்கவில்லை.

வடக்கே எல்லையில் சண்டை மூண்ட வாரம் அது. டிவியைப் போட்டால் சைரன் சத்தம். எங்கள் தெருமுனை டீக்கடையில் மூன்று பேர் தளபதி ஆகியிருந்தார்கள். நானும் ஒருநாள் காலை விமானப்படைப் பொறுப்பைப் பார்த்துக்கொண்டேன். பள்ளிக்கூடங்களில் விழா மேடையில் வைக்க ராணுவ வீரர் பொம்மை கேட்டு ஆர்டர் குவிந்தது. அக்கா யூனிட்டில் பிள்ளையாரையும் பூனையையும் ஓரம்கட்டிவிட்டுச் சிப்பாய் அச்சைப் போட்டார்கள். பர்மாக்காரர்தான் ஊற்றினார். ஓரடி உயரச் சிப்பாய், கையில் துப்பாக்கி. வரிசையாகக் காயவைத்திருப்பார். பார்த்துவிட்டு, “உங்களுக்கு ஒண்ணும் தோணலியா?” என்று கேட்டேன். “களிமண் ஐயா” என்றார்.

அந்த வாரம்தான் எல்லா ஆபீசிலிருந்தும் ஒரே மாதிரி போன். “சார், உங்க ஏரியாவுல சந்தேகப்படற மாதிரி வெளிநாட்டுக்காரன் எவனும் சுத்தலியா? எல்லா ஊர்லேர்ந்தும் வந்துக்கிட்டிருக்குது.” வந்துகொண்டுதான் இருந்தது. வேப்பூரில் சைக்கிளில் உலகம் சுற்றுகிற ஒரு வெள்ளைக்காரர் நெடுஞ்சாலை ஓட்டலில் பரோட்டாவைப் படம் எடுத்தார். ‘வேப்பூரில் படம் பிடித்த மர்ம வெளிநாட்டவர்.’ பெண்ணாடத்தில் சர்க்கரை ஆலைக்கு மேலே மர்ம டிரோன். அது கல்யாண வீட்டு டிரோன், மாப்பிள்ளை ஊர்வலத்தில் வழி தப்பியது. சேத்தியாத்தோப்பில் வெள்ளாற்றுப் பாலத்துக்கடியில் மர்மப் பை, உள்ளே பழந்துணி. என் ஊரிலிருந்து மட்டும் ஒன்றும் போகவில்லை.

“என்னா விருத்தாசலம், உங்க ஊரு இந்தியாவுலதான இருக்குது?” என்று குரூப்பில் போட்டான் வேப்பூர்.

எனக்கு நாக்கில் நமைச்சல். மத்தியானம் கடையில் கூட்டமில்லை. உட்கார்ந்து தட்டினேன்:

‘விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் அண்டை நாட்டு ஆசாமி ஒருவர் ஆறு மாதமாகத் தங்கி, ரகசியமாகப் படை திரட்டி வருவதாகப் பரபரப்புத் தகவல் கிடைத்துள்ளது. எல்லை தாண்டி வந்த இவரிடம் பாஸ்போர்ட், விசா எதுவும் இல்லை. இவர் மேற்பார்வையில் துப்பாக்கி ஏந்திய சிப்பாய்கள் நாள்தோறும் தயாராகி வருகின்றனர். இவர்கள் விரைவில் பல்வேறு மாவட்டங்களுக்கு அனுப்பி வைக்கப்பட உள்ளனர். சிப்பாய்கள் அனைவரும் ஓரடி உயரம். கீழே போட்டால் உடைந்துவிடுவார்கள்.’

குரூப்பில் போட்டுவிட்டு நானே சிரித்துக்கொண்டேன். பாஸ்போர்ட் விஷயத்தை ஏன் எழுதினேன் என்று பிறகு எத்தனையோ பேர் கேட்டார்கள். உண்மை ஒன்றிரண்டு கலந்தால் தமாஷ் எடுபடும் என்பதுதான் காரணம். வேறு காரணம் இருந்தால் நானும் சொல்லியிருப்பேன்.

பத்திரிகைக்குச் செய்தி அனுப்ப நாலு மணி கெடு. குரூப்பில் சிரிப்பு பொம்மை ஒன்றுகூட வரவில்லை. நம்ம தமாஷ் எடுபடவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, கடையை மனைவியிடம் விட்டுவிட்டு மார்க்கெட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது ஆபீசிலிருந்து போன்.

“சார், மூணு பேப்பர்ல வந்திருக்குது. நம்ம பேப்பர்ல ஏன் வரல?”

“எது சார்?”

“உங்க ஊரு மேட்டர் சார்! வெளிநாட்டு ஆசாமி, சிப்பாய், படை. உங்க ஊர்ல நடக்கறது உங்களுக்கே தெரியாதா?”

வாயில் நுரையோடு நின்றேன். துப்பிவிட்டு, “சார், அது நான் எழுதுனது. தமாஷு” என்றேன்.

“நீங்க எழுதி நமக்கு அனுப்பலியா?” அவருக்கு அதுதான் பெரிய அதிர்ச்சி. “சரி, ஃபாலோ-அப் அனுப்புங்க. போலீஸு வந்திருக்கும், போட்டோவோட.”

பஸ் ஸ்டாண்டுக்குப் போய் மூன்று பேப்பரையும் வாங்கினேன். எழுத்து மாறாமல் என்னுடையதுதான். கடைசி இரண்டு வரி மூன்றிலும் இல்லை. மூன்று டெஸ்க்கிலும் வாலை வெட்டியிருந்தார்கள். ஓரடி உயரமும் இல்லை, உடைவதும் இல்லை. படை திரட்டுகிற ஆசாமி மட்டும் நின்றுகொண்டிருந்தான்.

பைக்கை விரட்டிக்கொண்டு தொழிற்பேட்டைக்குப் போனபோது ஜீப் நின்றிருந்தது. வெளியே வேப்பூரும் பெண்ணாடமும் நின்றிருந்தார்கள், மைக்கோடு ஒரு டிவிக்காரரும். பக்கத்து யூனிட் ஆட்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்து கூடியிருந்தார்கள். “இத்தன நாளா நம்மகிட்டயே டீ வாங்கிக் குடிச்சிருக்கான் பாரு” என்றார் ஒருவர். அவருக்கு டீ வாங்கிக் கொடுத்ததே பர்மாக்காரர்தான்.

அக்கா வாசலில் நின்று இன்ஸ்பெக்டரிடம் ஒரு சிப்பாயைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். “இதுதாங்க அய்யா சிப்பாயி. எடுத்துப் பாருங்க. உள்ள ஒண்ணுமில்ல, வெறும் கூடு.” இன்ஸ்பெக்டர் வாங்கித் தட்டிப் பார்த்து, பத்திரமாகக் கீழே வைத்தார். சிரிப்பு வந்ததை அடக்கினார் என்றுதான் எனக்குத் தோன்றியது. பிறகு பர்மாக்காரரைப் பார்த்துக் கேட்டார்: “பாஸ்போர்ட் இருக்குதா?”

“இல்லங்க ஐயா.”

“விசா?”

“இல்லங்க ஐயா.”

அவ்வளவுதான் விசாரணை. பர்மாக்காரர் கையில் களிமண் காய்ந்து வெள்ளையாக இருந்தது. கழுவிக்கொள்ளலாமா என்று கேட்டார், விட்டார்கள். ஜீப்பில் ஏறும்போது என்னைப் பார்த்தார். கோபமெல்லாம் இல்லை. கூட்டத்தில் தெரிந்த முகத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

நான் போட்டோ எடுத்தேன். இருபத்திரண்டு வருஷப் பழக்கம், கை தானாகப் போய்விட்டது என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். கை தானாகப் போகலாம். அனுப்புவதற்கு மூன்று இடத்தில் விரலால் தொட வேண்டும். தொட்டேன்.

ஜீப் போனதும் அக்கா என் பக்கம் திரும்பினார். “ஏன்டா, பேப்பர்ல எழுதுனது நீதானாமே. பெண்ணாடத்து ஆளு சொல்றான். என் வூட்டுச் சோத்தைத் தின்னவன்தான நீயும்?”

“அக்கா, அது தமாஷுக்கா. கடைசி வரிய வெட்டிட்டாங்க.”

“அந்த ஆள திருப்பி அந்த ஊருக்கு அனுப்பிட்டா என்னா ஆவும் தெரியுமா?”

“தெரியும்க்கா.”

“தெரிஞ்சேதான் எழுதுனியா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அதன்பிறகு இன்றுவரை அந்த அக்கா என்னோடு பேசவில்லை. எதிரே வந்தால் நானே பைக்கைச் சந்தில் திருப்பிவிடுவேன்.

ஸ்டேஷனுக்குப் போய் இன்ஸ்பெக்டரிடம் உண்மையைச் சொன்னேன். தமாஷ் என்று எழுதிக் கொடுக்கிறேன் என்றேன், என் பிரஸ் கார்டைப் பிடுங்கினாலும் பரவாயில்லை என்றேன். தியாகி மாதிரி கார்டை எடுத்து மேஜைமேல் வைத்தேன். அவர் அதைப் பார்க்கக்கூட இல்லை.

“நீங்க எழுதுனதுல எது சார் தமாஷு? அந்த ஆளு வெளிநாடா இல்லியா?”

“வெளிநாடுதான்.”

“எல்லை தாண்டி வந்தாரா இல்லியா?”

“வந்தாரு.”

“பாஸ்போர்ட்டு, விசா இருக்குதா?”

“இல்ல சார்.”

“அப்புறம்? சிப்பாய் விஷயத்தை நானே விட்டுட்டேன். மத்ததெல்லாம் சரியாத்தான எழுதியிருக்கீங்க?” பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்தினார். “பேப்பர்ல வராம இருந்திருந்தா எனக்கும் தெரியாது. வந்துடுச்சு. மேலேர்ந்து கேக்கறாங்க. நான் என்னா பண்ணட்டும்?” கார்டை என் பக்கம் தள்ளினார். எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். அதை விட்டுவிட்டு வருகிற தைரியம்கூட எனக்கு இல்லை.

அன்று மத்தியானமே உட்கார்ந்து முழுக் கதையையும் எழுதினேன். அவர் யார், எந்தப் பத்திரிகை, ஏன் மூடினார்கள், பதினான்கு மாதம் எங்கே இருந்தார், திருப்பி அனுப்பினால் என்ன ஆகும். வாலை வெட்டினாலும் நிற்கிற மாதிரி முக்கியமானதை மேலே வைத்தேன். குரூப்பில் போட்டேன். எல்லோரும் பார்த்ததற்கான நீல டிக் வந்தது. இந்தத் தடவை எல்லோரும் படித்தார்கள், முதல்முறையாக. ஒருவரும் அனுப்பவில்லை. பெண்ணாடம் ஒரு கும்பிடு பொம்மை போட்டான். வேப்பூர் தனியாக போன் செய்து, “விருத்தாசலம், நல்லாத்தான் எழுதியிருக்க. ஆனா இப்ப டைம் சரியில்லப்பா” என்றான். என் ஆபீசில், “இவரு ஜர்னலிஸ்ட்டுன்றதுக்கு என்ன சார் ஆதாரம்?” என்று கேட்டார்கள். படை திரட்டியதற்கு யாரும் கேட்காத ஆதாரம்.

அவரை வெளிநாட்டுக்காரர்களை வைக்கிற முகாமுக்குக் கொண்டுபோனார்கள். வேறு மாவட்டம், பஸ்ஸில் மூன்று மணி நேரம். என் கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வருகிற வக்கீலம்மா ஒருவர் இருக்கிறார், சென்னையில் ஒரு சீனியரோடு சேர்ந்து வழக்குப் போடுகிறேன் என்றார். திருப்பி அனுப்பக்கூடாது என்று கேட்க வேண்டும், அதற்கு அவர் உயிருக்கு ஆபத்து என்று காட்ட வேண்டும்.

“கார்டு இல்ல, பழைய பேப்பர் ஒண்ணும் இல்ல. அவங்க பத்திரிகையோட வெப்சைட்டையும் எடுத்துட்டாங்க. அவரு பத்திரிகைக்காரருன்னு எங்கயாச்சும் அச்சுல ஒரு வரி வந்திருந்தா அதையாவது வைக்கலாம் சார்.”

அச்சில் வந்ததெல்லாம் அவர் படை திரட்டினார் என்பதுதான்.

வணிகர்களுக்கென்று எங்கள் ஊரில் ஒரு மாத இதழ் வருகிறது. அச்சகம் வைத்திருக்கிற பெரியவர் ஒருவர்தான் ஆசிரியர். பக்கத்துக்குப் பக்கம் விளம்பரம், நடுநடுவே சர்க்கரை நோய்க் குறிப்பு. அவரிடம் கொண்டுபோனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுசாகப் படித்தார்.

“பிரச்சினை வருமா?”

“வரலாங்கய்யா.”

கொஞ்சம் யோசித்தார். “நம்ம புஸ்தகத்த யாரு படிக்கறா? போட்டுடலாம் வுடு.”

போடுவதற்கு முன் முகாமுக்குப் போய்ப் பர்மாக்காரரிடம் கேட்டேன், பெயர் போடலாமா என்று. பர்மாவில் அவருடைய சொந்தக்காரர்களை ஏதாவது செய்துவிடுவார்களே. “போடுங்க ஐயா. செய்யறதுக்கு அங்க எனக்குன்னு இப்ப யாரும் இல்ல” என்றார். எழுதியதை வாங்கிப் படித்தார். பேனா கேட்டார். இரண்டு இடத்தில் தேதியைத் திருத்தினார், ஒரு பத்தியை அடித்தார். “இதுல நீங்க வருத்தப்படறதா எழுதியிருக்கீங்க. அது செய்தி இல்ல.” அப்புறம் அந்தப் பழைய செய்தியையும் படித்ததாகச் சொன்னார். ஸ்டேஷனில் காட்டினார்களாம். “நல்லா இருந்துது. சுருக்கமா இருந்துது.” கேலியா என்று முகத்தைப் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை. நான்தான் இந்த வட்டாரத்தில் பெரிய கேலிக்காரன் என்று பெயர்.

இதழ் வந்தது. அதில் அவர் பெயர் முழுசாக இருக்கிறது. வழக்கு நடப்பதால் இங்கே போடவில்லை. ஐகோர்ட்டில் அந்தப் பக்கத்தைக் கொடுத்தபோது நானும் பின்னால் நின்றிருந்தேன். நீதிபதி திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கம் பர்மாக்காரர், அடுத்த பக்கம் தண்ணித் தொட்டி விளம்பரம். “இது என்ன பத்திரிகை?” என்று கேட்டார். சீனியர் வக்கீல் ஏதோ சொன்னார். அரசுத் தரப்பில் பதில் சொல்ல அவகாசம் கேட்டார்கள். அதுவரை அவரைத் திருப்பி அனுப்பக்கூடாது, நாலு வாரம் கழித்து விசாரணை என்றார் நீதிபதி. மொத்தமாக இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். எனக்குச் சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. வெளியே வந்து வக்கீலம்மாவும் நானும் டீ குடித்தோம். எனக்கு ருசி ஒன்றும் தெரியவில்லை. அவர் இரண்டாவது கிளாஸ் வாங்கினார், நானும் வாங்கினேன்.

அதன்பிறகு நாலு வாரம் மூன்று தடவை வந்துவிட்டது, ஒவ்வொரு தடவையும் மறுபடி அவகாசம். நான் ஒன்றுவிட்டு ஒரு சனிக்கிழமை முகாமுக்குப் போகிறேன். பேச அரை மணி நேரம். கடை எப்படி நடக்கிறது, மழை உண்டா என்று கேட்பார். அக்காவைப் பற்றிக் கேட்டால் நன்றாக இருக்கிறார் என்று சொல்வேன். அவர் உள்ளே இருக்கிற ஒருவருக்குத் தமிழ் சொல்லித்தருகிறாராம். போன தடவை, கோடு போட்ட நோட்டு ஒன்று வேண்டும் என்று கேட்டார். வாங்கிக்கொண்டு போனேன். வாசலில் சோதனை போடுகிற போலீஸ்காரர் அதைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும்.

“சார், எதுவும் எழுதல. வெறும் நோட்டு.”

“தெரியுது சார். எழுதறதுக்குத்தான கேக்கறாரு? அனுமதி இல்ல. போகும்போது வாங்கிட்டுப் போங்க.”

உள்ளே போய் அவரிடம் சொன்னேன். “சரி” என்றார். “அடுத்த விசாரணை எப்ப?”

“நாலு வாரம்.”

“அதுவரைக்கும் அனுப்பமாட்டாங்கல்ல?”

“மாட்டாங்க.”

“சரி ஐயா” என்றார் மறுபடி. மணி அடித்ததும் எழுந்து, “போயிட்டு வரேன்” என்றேன்.